காஸ்ஃபோர்த் கற்சிலுவை

இங்கிலாந்துக்குப் போய் வருகிறவர்களிடம், பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு ஜாபிதா இருக்கும். லண்டன் கோபுரம், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம், ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றோடு அந்த ஜாபிதா பெரும்பாலும் முடிந்துவிடும். தேசத்தின் வடமேற்கு மூலையில், ஐரிஷ் கடலுக்கும் ஏரிகள் நிறைந்த மலைகளுக்கும் நடுவே காஸ்ஃபோர்த் என்று ஒரு சிறு கிராமம் இருப்பதை யாரும் அதில் எழுதிக்கொள்வதில்லை. அங்கே பெயர் பெற்ற அரண்மனை இல்லை. பெரும் போர் நடந்த மைதானமும் இல்லை. பரிசுத்த மரியம்மையின் பெயரால் அமைந்த ஒரு மாதாகோயிலும், அதைச் சுற்றி ஒரு கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. அந்தத் தோட்டத்தில், சாமானியமான சமாதிக் கற்களுக்கு மத்தியில், மெலிந்து உயர்ந்த சிவப்புக் கல் தூண் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு சிலுவை. ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக மழையிலும் கடற்காற்றிலும் அது நின்றுகொண்டிருக்கிறது.

இந்தத் தூணில் எழுத்து ஒன்றுகூட இல்லை. நாட்டியவர் யார், செதுக்கியவர் யார், யாருடைய நினைவாக நாட்டப்பட்டது என்று சொல்லும் சாஸனம் கிடையாது. ஆனாலும் ஐரோப்பாவின் வட பாகத்துச் சரித்திரத்தை ஆராய்கிறவர்கள் இதைப் பெரிய கிரந்தம் ஒன்றுக்குச் சமமாக மதிக்கிறார்கள். அதற்குக் காரணம் என்ன என்பதைத்தான் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கடல் கடந்து வந்தவர்கள்

'வைக்கிங்' என்ற பெயரைப் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகங்களில் எல்லோரும் படித்திருக்கிறோம். கி. பி. 793-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையை அடுத்த லிண்டிஸ்ஃபார்ன் தீவில் இருந்த துறவிகளின் மடத்தை அவர்கள் கொள்ளையடித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ மடங்களுக்கும் ஊர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. புத்தகங்கள் இந்தக் கொள்ளையைச் சொல்கிற அளவுக்கு, கொள்ளைக்கு வந்தவர்களில் பலர் பின்னால் குடும்பத்தோடு குடியேறி உழவும் ஆடு மேய்க்கவும் தொடங்கினார்கள் என்ற விஷயத்தைச் சொல்வதில்லை. காஸ்ஃபோர்த் இருக்கும் கம்பர்லாந்துப் பிரதேசத்துக்கு அவர்கள் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்தும் மான் தீவிலிருந்தும் வந்தார்கள். 902-ஆம் வருஷத்தில் டப்ளின் நகரத்திலிருந்து துரத்தப்பட்டவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்று கருதப்படுகிறது.

அவர்கள் வந்ததற்கு அந்தப் பக்கத்தின் மலைகளும் ஓடைகளும் இன்றும் சாட்சி சொல்கின்றன. அங்கே மலைக்கு 'ஃபெல்' என்றும், ஓடைக்கு 'பெக்' என்றும், காட்டை வெட்டித் திருத்திய நிலத்துக்கு 'த்வெயிட்' என்றும் பெயர். இவையெல்லாம் நார்வேக்காரர்களுடைய பழைய பாஷையிலிருந்து வந்த சொற்கள். தென் இங்கிலாந்தில் இவற்றை அவ்வளவாகக் கேட்க முடியாது. காஸ்ஃபோர்த் என்ற பெயர் மட்டும் அவர்களுக்கு முன்பே இருந்த ஆங்கில ஜனங்களுடையது. வாத்துகள் கடக்கும் துறை என்று அதற்குப் பொருள். ஆகவே ஊரின் பெயர் ஒரு ஜாதியாருடையது, சுற்றியுள்ள மலைகளின் பெயர் வேறொரு ஜாதியாருடையது. இந்தக் கலப்பையே சிற்பமாகச் செதுக்கி வைத்தாற்போல் இருக்கிறது அந்தத் தூண்.

தூணின் வடிவம்

தூணின் உயரம் ஏறக்குறைய 14½ அடி. அடிப்பாகம் உருண்டையாக இருக்கிறது. மேலே போகப் போக நான்கு பட்டையாகி, உச்சியில் ஒரு வட்டத்துக்குள் அடங்கிய சிலுவையாக முடிகிறது. இவ்வளவு உயரத்துக்கு இது மிகவும் மெல்லிய தூண். பலத்த காற்று வீசுகிற கடற்கரைப் பிரதேசத்தில் இது எப்படி முறியாமல் நின்றது என்று பார்ப்பவர்களுக்கு ஆச்சரியம் உண்டாவது இயல்பே. 10-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அதாவது 920-க்கும் 950-க்கும் இடைப்பட்ட காலத்தில் இது செதுக்கப்பட்டது என்பது அறிஞர்களுடைய அபிப்பிராயம்.

உருண்டையான அடிப்பாகத்தின் மேற்பகுதியில் சங்கிலி கோத்தாற்போல வளைந்து வளைந்து செல்லும் கோலம் ஒன்று சுற்றிலும் செதுக்கப்பட்டிருக்கிறது. வட தேசத்துப் புராணத்தில் உலகங்களையெல்லாம் தாங்கி நிற்கும் ஒரு பெரிய மரம் உண்டு. இந்தக் கோலம் அந்த மரத்தின் பட்டையைக் குறிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதற்கு மேலே, நான்கு பட்டைகளிலும் மனிதர்களும் குதிரைகளும் ஓநாய்களும் பாம்புகளும் நிறைந்திருக்கிறார்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது இவை கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படுவதில்லை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது, ஒவ்வோர் உருவமும் தன் நிழலால் வரைந்தாற்போல் எழுந்து நிற்கும்.

நான்கு முகங்களிலும் கதை

முதலில் கிழக்கு முகத்தைப் பார்ப்போம். அதன் கீழ்ப்பகுதியில் ஒரு சட்டத்துக்குள் இரண்டு கைகளையும் விரித்தபடி ஒருவர் நிற்கிறார். அவர் கிறிஸ்துநாதர். சட்டத்தின் கீழே ஈட்டி ஏந்திய ஒரு வீரனும் அவனுக்கு எதிரே ஒரு ஸ்திரீயும் நிற்கிறார்கள். கிறிஸ்துவின் விலாவில் ஈட்டியால் குத்திய போர்வீரனைக் கிறிஸ்துவர்கள் அறிவார்கள். அந்த ஸ்திரீயோ, தலைமயிரைப் பின்னிப் பின்புறம் தொங்கவிட்டு, தரையில் புரளும் நீண்ட உடை தரித்து, கையில் ஒரு பாத்திரத்தைப் பிடித்திருக்கிறாள். ஸ்வீடன் தேசத்துப் பழைய நினைவுக் கற்களில், போரில் மாண்ட வீரர்களை வரவேற்கப் பானக் கொம்பு ஏந்தி நிற்கும் பெண்களுக்கும் இதே கோலந்தான். கிறிஸ்துவின் பாதத்தில் பரிமள தைலம் பூசிய மக்தலேனா மரியாளை மனத்தில் வைத்துக்கொண்டு, தன் ஜனங்கள் அறிந்த ஒரு பெண்ணின் கோலத்தைச் சிற்பி கொடுத்திருக்கிறான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

அதே கிழக்கு முகத்தில் கொஞ்சம் மேலே கண்ணை உயர்த்தினால், வேறொரு சமயத்துக்குள் பிரவேசித்துவிடுகிறோம். அங்கே ஒருவன் பெரிய ஓநாய் ஒன்றின் வாய்க்குள் காலை வைத்து அழுத்திக்கொண்டு, மேல் தாடையைக் கையால் பிடித்துப் பிளக்கிறான். அவன் பெயர் விதார். வட தேசத்துப் புராணத்தின்படி உலகம் முடியும் நாளில் தேவர்களுக்கும் அரக்கர்களுக்கும் கடைசிப் போர் நடக்கும். அந்தப் போரில் தேவர்களின் தலைவனான ஓடினைப் பென்ரிர் என்ற ஓநாய் விழுங்கிவிடும். உடனே அவனுடைய புத்திரனான விதார், தகப்பனுக்காகப் பழி வாங்க ஓநாயின் தாடையைப் பிளந்து கொல்வான். இதற்காக அவனுக்குக் கனமான பாதரட்சை ஒன்று உண்டாம். ஊரில் உள்ளவர்கள் பாதரட்சை தைக்கும்போது விரலுக்கும் குதிகாலுக்கும் வெட்டி எறிகிற தோல் துண்டுகளெல்லாம் சேர்ந்துதான் அது உண்டாகிறதாம். ஆகையால் தேவர்களுக்கு உதவ விரும்புகிறவர்கள் அந்தத் துண்டுகளைத் தவறாமல் எறிந்துவிட வேண்டும் என்பது அந்நாட்டு ஐதிகம். உலகத்தின் கடைசி யுத்தத்தில் ஒரு சாதாரணக் குடியானவனுக்கும் பங்கு கொடுத்த இந்தக் கற்பனை எவ்வளவு அழகானது!

இனி மேற்கு முகம். அதன் அடியில் ஒருவன் கட்டுண்டு கிடக்கிறான். பக்கத்தில் ஒரு ஸ்திரீ முழங்காலிட்டு ஒரு பாத்திரத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாள். கட்டுண்டவன் லோகி. அவன் தேவர்களோடு இருந்துகொண்டே அவர்களுக்குத் துரோகம் செய்தவன். தேவர்கள் அவனைப் பாறையில் கட்டி, அவன் முகத்துக்கு மேலே ஒரு பாம்பைத் தொங்கவிட்டார்கள். பாம்பு கக்கும் விஷம் அவன்மேல் விழாதபடி அவனுடைய பத்தினி சிகின் பாத்திரத்தில் ஏந்துகிறாள். பாத்திரம் நிறைந்ததும் அதைக் கொட்ட அவள் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த க்ஷண நேரத்தில் விஷம் அவன்மேல் விழுகிறது, அவன் துடிக்கிறான், அந்தத் துடிப்புத்தான் பூகம்பம் என்று அந்த ஜனங்கள் நம்பினார்கள். துரோகியின் மனைவி என்பதற்காக அவளை அந்தப் புராணம் இகழவில்லை. சிற்பியும் இகழவில்லை. ஒரு சாண் அளவுக்கும் குறைவான உருவத்தில் அவளுடைய பொறுமை முழுவதையும் காட்டியிருக்கிறான்.

அதற்கு மேலே, கையில் கோலும் கொம்பு வாத்தியமுமாக, வாயைப் பிளந்து வரும் இரண்டு மிருகங்களுக்கு எதிரில் ஒருவன் நிற்கிறான். அவன் தேவலோகத்தின் காவற்காரனான ஹைம்டால் என்பது பலருடைய கருத்து. கடைசி நாள் வந்துவிட்டது என்று கொம்பூதி அறிவிப்பது அவனுடைய கடமை. மற்ற இரண்டு முகங்களிலும் குதிரை வீரர்களும் மானும் ஓநாயும் பின்னிப் பிணைந்த மிருகங்களும் காணப்படுகின்றன. அவற்றின் பொருளைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் ஒற்றுமை ஏற்படவில்லை.

இந்தக் கதைகளை நாம் இன்று எப்படி அறிகிறோம்? ஐஸ்லாந்து தீவில் வாழ்ந்த ஸ்னோர்ரி ஸ்துர்லுஸன் என்ற பண்டிதர் 13-ஆம் நூற்றாண்டில் இவற்றைத் தொகுத்து எழுதினார். அவர் 1179-இல் பிறந்து 1241-இல் இறந்தவர். காஸ்ஃபோர்த் தூணோ அவருடைய காலத்துக்குச் சுமார் மூன்று நூற்றாண்டுகள் முந்தியது. அதாவது, ஏட்டில் ஏறுவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே அந்தக் கதைகள் ஐஸ்லாந்திலிருந்து வெகு தூரத்தில் ஜனங்களுடைய வாயில் வழங்கிவந்தன என்பதற்கு இந்தக் கல் சாட்சி. இதற்குக் கிரந்தத்துக்குச் சமமான மதிப்பு உண்டு என்று முன்பே சொன்னதன் காரணம் இதுதான்.

இரண்டு சமயமும் ஒரு கல்லும்

கிறிஸ்துவ ஆலயத்தின் வாசலில் பழைய தேவர்களுக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பல பேர் பலவிதமாக விடை சொல்லியிருக்கிறார்கள். பழைய தேவர்களெல்லாம் அழியும் கதையைக் காட்டி, 'அவர்களுடைய காலம் முடிந்தது, புதிய ஆண்டவர் வந்துவிட்டார்' என்று அறிவிக்கவே இது செதுக்கப்பட்டது என்பது ஒரு சாராருடைய கொள்கை. தீமையை வென்ற விதாரைக் கிறிஸ்துவுக்கும், கட்டுண்ட லோகியைச் சாத்தானுக்கும் ஒப்பாகக் காட்டியிருக்கிறது என்பது இன்னொரு சாராருடைய கொள்கை.

பல வருஷங்களாக வகுப்பில் நின்று பாடம் சொல்லிவரும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவதுதான் போதனா முறையில் முதற்பாடம். அந்தச் சிற்பிக்கோ, அவனை ஏவிய பாதிரியாருக்கோ, இந்தப் பாடம் நன்றாகத் தெரிந்திருந்தது. பாட்டிமாரிடம் கேட்ட கதைகளை மறந்துவிட்டு வாருங்கள் என்று அவர்கள் ஜனங்களை அதட்டவில்லை. அந்தக் கதைகளையே படிக்கட்டாக அமைத்து, அதன் வழியாகப் புதியதைக் காட்டினார்கள். மதம் மாறுகிற காலத்தில் ஒரு சமூகத்தின் மனம் எப்படி இருந்தது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சின்னங்கள் அபூர்வம். வாளால் நடந்த மத மாற்றங்களைப் பற்றிச் சரித்திரம் நிறையப் பேசுகிறது. கதையால் நடந்ததைப் பற்றி இந்தக் கல் பேசுகிறது.

கோயிலுக்குள்ளே

கோயிலுக்குள் சென்றால் அதே காலத்துக் கற்கள் இன்னும் சில இருக்கின்றன. சுவரில் பதித்திருக்கும் ஒரு பலகைக் கல்லில் ஒரு படகும் அதில் இருவரும் காணப்படுகிறார்கள். தோர் என்ற தேவன், எருதின் தலையைத் தூண்டில் இரையாக மாட்டி, உலகத்தையே சுற்றி வளைத்திருக்கும் கடற் பாம்பைப் பிடிக்கப் போன கதை அது. கூடச் சென்ற ஹீமிர் என்ற அரக்கன் பயந்துபோய்க் கயிற்றை அறுத்துவிட, பாம்பு தப்பித்துக்கொண்டது. அதே கல்லின் மேற்பகுதியில் ஒரு மான் பாம்போடு போராடுகிறது. இது கிறிஸ்துவ சமயத்துக்கு உரிய அடையாளம் என்பார்கள். இங்கேயும் இரண்டு சமயங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன. வெளியே உள்ள தூணையும் இதையும் ஒரே சிற்பியின் கையே செதுக்கியிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள்.

மற்ற இரண்டும் சமாதிக் கற்கள். ஒவ்வொன்றும் வீட்டைப் போன்ற வடிவம் உடையது. கூரைக்கு ஓடு வேய்ந்தாற்போல் செதுக்கி, கூரையின் முகட்டை மிருகத்தின் முதுகுபோல் வளைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்குப் 'பன்றி முதுகுக் கல்' என்றே பெயர். குடியேறியவர்கள் புறப்பட்டு வந்த தேசங்களில் இப்படிப்பட்ட கற்கள் கிடைப்பதில்லை. புதிய மண்ணில் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த வடிவம் இது. இறந்தவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கும் எண்ணம் போலும்! இவற்றில் ஒன்றின் பக்கத்தில் கேடயமும் ஈட்டியும் தாங்கிய வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

இதே கோயிலில் வேறொரு காலத்து வஸ்துவும் இருக்கிறது. அது சீன தேசத்து மணி. 1841-இல் அபினி யுத்தத்தின்போது காண்டன் ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றிலிருந்து பிரிட்டிஷார் அதைக் கைப்பற்றினார்கள். அந்த யுத்தத்தில் சண்டை செய்யச் சென்னை ராஜதானியின் 37-வது காலாட்படையையும் கப்பலேற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். மடங்களிலிருந்து பறித்துச் சென்ற வைக்கிங்குகளின் கற்களுக்குப் பக்கத்தில், பறித்து வந்த மணி ஒன்று இருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

தப்பியதும் தப்பாததும்

வெளியே நிற்கும் தூணுக்கு ஒரு காலத்தில் துணை இருந்தது. அதே தோட்டத்தில் இன்னொரு கற்சிலுவையும் நின்றுகொண்டிருந்தது. 1789-இல் அதை வெட்டி, வெயிலில் மணி பார்க்கும் சூரிய கடிகாரத்துக்குத் தூணாக்கிவிட்டார்கள். பாரிஸ் நகரத்தில் பாஸ்டீல் சிறைக்கோட்டை இடிந்த அதே வருஷத்தில், ஓசையில்லாமல் நடந்த காரியம் இது. வெட்டியவர்கள் துஷ்டர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஊராருக்கு மணி தெரிய வேண்டியிருந்தது. கல் கையருகே இருந்தது. அதில் இருந்ததைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் அன்று அங்கே இல்லை. அவ்வளவுதான் அதன் குற்றம்.

பன்றி முதுகுக் கற்களின் கதையும் அதுவே. 12-ஆம் நூற்றாண்டில் கோயில் கட்டியவர்கள் அவற்றை அஸ்திவாரத்தில் போட்டுவிட்டார்கள். எழுநூறு வருஷத்துக்கு மேல் சுவரைச் சுமந்து கிடந்தபின், 1896-இல் கோயிலைப் புதுப்பித்தபோது அவை வெளியே வந்தன.

எஞ்சி நின்ற தூணையும் பல தலைமுறைகள் பார்த்துக்கொண்டே போயின. விசித்திரமான பழைய சிலுவை என்பதற்குமேல் யாரும் அதிகம் நினைக்கவில்லை. 1880-களில்தான் அதற்கு நல்ல காலம் பிறந்தது. அந்த ஊரில் வைத்தியம் செய்துவந்த சார்லஸ் அருண்டெல் பார்க்கர் என்ற டாக்டரும், அந்தப் பிரதேசத்திலேயே வேலை பார்த்த கால்வெர்லி என்ற பாதிரியாரும் அதைக் கூர்ந்து ஆராய்ந்தார்கள். படர்ந்திருந்த பாசியை நீக்கி, ஒவ்வோர் உருவத்தையும் வரைந்துகொண்டு, ஐஸ்லாந்துப் புராணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லோகியும் சிகினும் விதாரும் ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். பார்க்கர் இந்தச் சிலுவைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கால்வெர்லியின் முயற்சியால் 1887-இல் ஆஸ்பேட்ரியா என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் இதே அளவில் ஒரு பிரதிச் சிலுவை எழுந்தது. லண்டனில் விக்டோரியா-ஆல்பர்ட் மியூஸியத்திலும் 19-ஆம் நூற்றாண்டில் எடுத்த அச்சு வார்ப்பு ஒன்று இருக்கிறது. கால்வெர்லி 1898-இல் காலமானார். அவருடைய குறிப்புகளை, ரஸ்கினிடம் காரியதரிசியாக இருந்த காலிங்வுட் என்பவர் மறு வருஷமே புத்தகமாக வெளியிட்டார்.

இவர்களில் எவரும் இந்தக் காரியத்துக்காகச் சர்க்கார் சம்பளம் பெற்றவர்கள் அல்ல. பகல் முழுவதும் நோயாளிகளைப் பார்த்த ஒரு வைத்தியரும், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்த ஒரு பாதிரியாரும் ஓய்வு நேரத்தில் செய்த வேலை இது.

உலக முடிவும் அடுத்த ஊரும்

கல்லறைத் தோட்டத்திலிருந்து கடலை நோக்கிச் சில மைல் போனால் செல்லஃபீல்டு என்ற இடம் வருகிறது. அணு சக்தியால் ஊருக்கு மின்சாரம் கொடுத்த கால்டர் ஹால் நிலையத்தை 1956-இல் எலிஸபெத் ராணி திறந்து வைத்தது இங்கேதான். அதற்கு அடுத்த வருஷம், 1957 அக்டோபரில், பக்கத்திலிருந்த விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பிடித்தது. விஷக் கதிர் கலந்த புகை பரவியதால், சுற்று வட்டாரத்தில் சுமார் 200 சதுர மைல் பரப்பில் கறந்த பாலையெல்லாம் கீழே கொட்ட வேண்டியதாயிற்று. கால்டர் ஹால் 2003-இல் மூடப்பட்டது. அணுக் கழிவுகளைக் காத்து அப்புறப்படுத்தும் வேலை மட்டும் அங்கே பல தலைமுறைகளுக்குக் காத்திருக்கிறது.

உலகம் தீயில் முடியும் என்று சொன்ன புராணத்தைச் செதுக்கிய கல்லுக்கு இவ்வளவு அருகில் இது அமைந்தது தற்செயலே. ஆயினும், விஷம் நிறையும் பாத்திரத்தைக் கை ஓயாமல் ஏந்தி நிற்கும் சிகினை நினைக்காமல் அந்தச் சாலையில் போவது கடினம்.

சிவப்பு மணற்கல் உறுதியானதுதான்; ஆனாலும் சிரஞ்சீவியல்ல. ஒவ்வொரு மாரிக்காலமும் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகிறது. விரல்களும் முகங்களும் ஏற்கனவே மழுங்கிவிட்டன. என்றாவது ஒரு நாள் விதாரின் கால் எது, ஓநாயின் வாய் எது என்று தெரியாமல் போகலாம். அப்போதும் பார்க்கரும் கால்வெர்லியும் வரைந்த படங்களும், எடுத்து வைத்த வார்ப்பும், எழுதிய புத்தகங்களும் இருக்கும். காஸ்ஃபோர்த் தோட்டத்தில் இரண்டு சிலுவைகள் நின்றன. இரண்டும் ஒரே மழையில்தான் நனைந்தன. ஒன்று படிப்பவர் வரும்வரை காத்திருந்தது. மற்றொன்றுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. பழைய கல்லைக் காப்பதற்கு வேலியும் காவலும் வேண்டும் என்பது மெய்தான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால், அது என்ன சொல்கிறது என்று நின்று கேட்கும் ஒருவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும்.